ஈரலும் குண்டிக்காயும்: ஒரு பனச்சமூட்டுக்காரனின் விளக்கம்

பொங்கல் விழா விருந்தன்று நம் சங்கத் தாய்மார்கள் இருவர் என்னிடம் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்டார்கள். ஊருக்குப் போகும்போது பிள்ளைகளுக்கு ஈரலும் குண்டிக்காயும் சமைத்துத் தருகிறார்கள்; அதில் ஈயமும் காட்மியமும் சேர்ந்திருக்கும் என்கிறார்களே, கொடுக்கலாமா, கூடாதா? ஒருவர் தஞ்சாவூர்க்காரர், மற்றவர் யாழ்ப்பாணத்தவர். இங்கே நியூஸிலாந்தில் இறைச்சி ஆலை ஒன்றின் தர ஆய்வுப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் என்னைக் கேட்டார்கள். விருந்துப் பந்தியில் இரண்டு வார்த்தையில் சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல இது. ஆகவே மலரில் எழுதுவதாகச் சொன்னேன்.

என் ஊர் பனச்சமூடு. 'மூடு' என்றால் எங்கள் பக்கத்தில் மரத்தடி. கேரளத்தின் நெய்யாற்றின்கரை தாலுகாவும் தமிழ்நாட்டின் விளவங்கோடு தாலுகாவும் முட்டிக்கொள்கிற சந்தி அது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழ்நாட்டுடன் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. கோடு கிழித்தவர்கள் கிழித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஜனங்கள் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு பக்கம் வீடு, மறுபக்கம் சந்தை. பேச்சிலே பாதி தமிழ், பாதி மலையாளம். சாப்பாட்டிலே பேதமே இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மாட்டிறைச்சியும் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியவை. மற்ற தமிழ்ப் பகுதிகளைவிட எங்கள் பக்கம் மாட்டிறைச்சி அதிகம் என்பதால், இந்தக் கேள்வி எங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறைக்கும்.

முதலில் 'கன உலோகம்' என்பதை விளக்கிவிடுகிறேன். ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக், குரோமியம், செம்பு முதலியவற்றைப் பேச்சு வழக்கில் இப்படிச் சேர்த்துச் சொல்கிறார்கள். இவற்றில் செம்பு நம் உடம்புக்குக் கொஞ்சம் வேண்டியது. ஈயமும் காட்மியமும் எந்த அளவிலும் நமக்கு வேண்டாதவை. பூச்சிமருந்து நாளடைவில் சிதைந்து போகலாம். கிருமி கொதிக்கும்போது சாகும். உலோகம் சிதையாது, சாகாது. கழுவினாலும் மஞ்சள் போட்டு ஊறவைத்தாலும் குக்கரில் ஏழு விசில் விட்டாலும் அது அங்கேயே இருக்கும். ஆகவே 'நன்றாக வேகவைத்தேனே' என்பது இங்கே பதிலாகாது.

காட்மியம் எங்கே போய் உட்காருகிறது?

மாடு தின்கிற புல்லில், தவிட்டில், தாது உப்பில், குடிக்கிற தண்ணீரில் சிறிதளவு காட்மியம் இருக்கும். அதில் பெரும்பகுதி சாணத்தோடு வெளியே போய்விடும். ரத்தத்தில் ஏறுகிற சிறு பகுதியை முதலில் ஈரல் பிடித்துக்கொள்ளும். ஈரலில் ஒரு புரதம் உண்டு. உலோகத்தை இறுகக் கட்டிவைப்பதே அதன் வேலை. மெட்டலோதயனீன் என்று பெயர். 1957-இல் மார்கோஷஸ், வாலி என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள் இதைக் கண்டுபிடித்தது எதிலிருந்து தெரியுமா? குதிரையின் சிறுநீரகத்திலிருந்து. உலோகம் எங்கே குவிகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். இந்தப் புரதத்தோடு ஒட்டிய காட்மியம் மெல்ல மெல்ல ஈரலிலிருந்து சிறுநீரகத்துக்குப் போய்ச் சேர்கிறது. சிறுநீரகம் அதை வெளியே தள்ளாமல் தானே வைத்துக்கொள்கிறது. மனிதரின் சிறுநீரகத்தில் ஒரு முறை சேர்ந்த காட்மியம் பாதியாகக் குறைய 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும். மாட்டுக்கும் கதை இதுதான். சேர்வது நிற்பதில்லை, கழிவது மிகமிகக் கொஞ்சம்.

இதிலிருந்து வீட்டில் சமைப்பவர் நினைவில் வைக்கவேண்டிய கணக்கு ஒன்று பிறக்கிறது. தசையில், அதாவது நாம் சாதாரணமாக இறைச்சி என்று வாங்குகிற பகுதியில், காட்மியம் மிகக் குறைவு. ஈரலில் அதைவிடப் பல மடங்கு. சிறுநீரகத்தில் அதற்கும் மேல். ஐரோப்பிய ஒன்றியம் விதித்திருக்கும் உச்ச வரம்புகளே இதைச் சொல்லும்: ஆடு, மாடு, பன்றி இறைச்சியில் கிலோவுக்கு 0.05 மில்லிகிராம், ஈரலில் 0.5, சிறுநீரகத்தில் 1. பத்துக்கு மேல், இருபது மடங்கு. மற்றொரு கணக்கு வயது. ஆறு வாரத்தில் அறுக்கிற பிராய்லர் கோழிக்குச் சேர்த்து வைக்க நேரமே இல்லை. ஒரு வயதுக் கிடாவுக்கும் அதிகம் இராது. பத்து வருஷம் ஏர் இழுத்த காளைக்கும் எட்டு ஈற்று ஈன்ற பசுவுக்கும் நிறைய நேரம் இருந்திருக்கிறது.

இந்த வயதுக் கணக்கை இந்த நாட்டில்தான் கண்ணால் பார்த்தேன். நியூஸிலாந்தின் புல்வெளிகளுக்குப் பல பத்தாண்டுகளாக நவுரு தீவின் பாஸ்பேட் பாறையிலிருந்து செய்த சூப்பர் பாஸ்பேட் உரம் இட்டார்கள். அந்தப் பாறையில் காட்மியம் மிகுதி. உரத்தோடு மண்ணில் ஏறியது, மண்ணிலிருந்து புல்லில் ஏறியது, புல்லிலிருந்து ஆட்டின் சிறுநீரகத்தில் போய் உட்கார்ந்தது. ஆகவே 30 மாதத்துக்கு மேற்பட்ட ஆடு மாடுகளின் சிறுநீரகத்தை மனித உணவுக்கு எடுக்காமல் விலக்குகிற நடைமுறை இங்கே வந்தது. பல்லைப் பார்த்து வயதைக் கணிப்பார்கள். கடந்துவிட்டதென்றால் சிறுநீரகம் வேறு தொட்டிக்குப் போகும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். காசு கொடுத்து வாங்குகிற குண்டிக்காய்க்கு அந்த மரியாதை தேவையில்லை.

இனி எங்கள் ஊருக்கு வாருங்கள். 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பத்து வயதுக்கு மேற்பட்டு வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாததாகவோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கியதாகவோ இருக்கிற மாட்டுக்குத்தான் அறுப்பதற்குச் சான்று தரலாம். 1976-இல் பசுவை அறுப்பதற்கே தமிழ்நாட்டில் தடை வந்தது. கேரளத்தில் பஞ்சாயத்து விதிகளும் பத்து வயது என்றே சொல்லி வந்தன. உழவு மாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற நோக்கத்தில் வந்த சட்டம். அந்த நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் காட்மியக் கண்ணாடி போட்டுப் பார்த்தால் நிலைமை வேடிக்கையாக இருக்கிறது. இங்கே இரண்டரை வயதைத் தாண்டினால் குண்டிக்காயைத் தூக்கி எறிகிறார்கள். அங்கே பத்து வயது ஆகாத மாட்டை அறுக்கவே கூடாது. சட்டத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற கடையில்தான் மிக முதிர்ந்த சிறுநீரகம் கிடைக்கும்! தமிழ்நாட்டுச் சந்தைகளில் விலைபேசிய மாடுகள் களியக்காவிளை வழியாகவும் வாளையாறு வழியாகவும் கேரளத்துக்குப் போவது நெடுங்காலத்து வியாபாரம். அவற்றில் ஏர் ஓட்டியும் பால் கறந்தும் முடித்த மாடுகளே அதிகம். இறைச்சிக்கென்றே வளர்க்கிற போத்துக்குட்டிகள், அதாவது எருமைக் கடாக்கன்றுகள், எங்கள் பக்கம் இப்போது பெருகியிருப்பது இந்த வகையில் நல்லது.

எங்கள் மண்ணையும் சொல்ல வேண்டும். செம்புரை மண், புளிப்பு மண். மண் புளிப்பாக இருந்தால் பயிர் காட்மியத்தை எளிதில் உறிஞ்சும். சுண்ணாம்பு இட்டால் குறையும். ரப்பருக்கும் மரச்சீனிக்கும் பாஸ்பேட் பாறைப் பொடியை அப்படியே இடுகிற வழக்கம் எங்கள் பக்கம் உண்டு. புளிப்பு மண்ணில் அது நன்றாகக் கரையும் என்பதே காரணம். காட்மியம் எவ்வளவு என்பது பாறை எந்த நாட்டில் வெட்டியது என்பதைப் பொறுத்தது. கடலடியில் படிந்த பாறைகளில் பொதுவாக அதிகம். எரிமலைப் பாறைகளில் குறைவு.

அளவு தெரியாமல் பயம் மட்டும் இருந்தால் பிரயோஜனமில்லை, ஆகவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009-இல் சொன்னது: ஒருவர் வாரத்துக்கு, தம் உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மைக்ரோகிராம் காட்மியம் வரை உட்கொள்ளலாம். 60 கிலோ எடையுள்ள தாய்க்கு வாரத்துக்கு 150. வரம்பில் நிற்கிற சிறுநீரகம் 100 கிராம் சாப்பிட்டால் 100 மைக்ரோகிராம். வாரப் பங்கில் மூன்றில் இரண்டு ஒரே வேளையில் தீர்ந்தது. வரம்பில் நிற்கிற ஈரல் 100 கிராமில் 50. வரம்பில் நிற்கிற இறைச்சி 200 கிராமில் வெறும் 10. இப்போது 15 கிலோ எடையுள்ள குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாரப் பங்கு 37.5. செல்லம் என்று ஐம்பது கிராம் குண்டிக்காய் ஊட்டினால் 50. பங்கைத் தாண்டிவிட்டது. 'குழந்தைக்கு மெத்தென்று இருக்கும்' என்று நாம் கொடுப்பது அந்தத் துண்டைத்தான்.

ஆனால் ஒன்று சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். நம்மில் பெரும்பாலோருக்குக் காட்மியம் அதிகமாக வருவது இறைச்சியிலிருந்து அல்ல, தானியத்திலிருந்தும் காய்கறியிலிருந்தும்தான். ஒரு கிலோ அரிசியில் 0.05 மில்லிகிராம் இருப்பதாக வைத்துக்கொண்டால், தினம் 300 கிராம் அரிசி சமைத்து உண்பவருக்கு வாரத்தில் 105 மைக்ரோகிராம் ஆகிறது. மூன்று வேளையும் சோறும் இட்லியும் சாப்பிடுகிற நமக்குப் பானை ஏற்கெனவே முக்கால் நிரம்பியிருக்கிறது. குண்டிக்காய் அதன் மேல் விழுகிறது. பீடி, சிகரெட் பிடிப்பவருக்குப் புகையிலையிலிருந்தும் காட்மியம் சேரும்; அவர்கள் ஈரலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

சோற்றின் வழியே காட்மியம் என்ன செய்யும் என்பதை ஜப்பான் பார்த்தது. டொயாமா மாநிலத்தில் காமியோகா சுரங்கத்துக் கழிவு ஜின்சூ ஆற்றில் கலந்து, அந்தத் தண்ணீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்களுக்குச் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து முறிந்தது. நோயாளிகள் 'இத்தாய், இத்தாய்' என்று கதறியதாலேயே நோய்க்கு அந்தப் பெயர். 'வலிக்கிறது' என்று பொருள். குழந்தை பெற்ற நடுவயதுப் பெண்களே மிகுதியும் பாதிக்கப்பட்டார்கள். 1968-இல் ஜப்பான் அரசு காட்மியமே காரணம் என்று அறிவித்தது. துத்தநாகத் தாதுவோடு காட்மியம் கூடவே வரும். கேரளத்தில் பெரியாற்றங்கரையில் ஏலூர், எடையார் பகுதியில் 2014-இல் மூடப்படும்வரை ஒரு துத்தநாக ஆலை ஓடியது என்பதால் மலையாளப் பத்திரிகைகளில் இந்த ஜப்பான் கதை அடிக்கடி வரும். பனச்சமூடு அங்கிருந்து வெகு தொலைவு. எங்கள் ஊரில் ஆலைப் புகை கிடையாது. எங்கள் பக்கம் வேறு இரண்டு உலோகங்களைத்தான் பார்க்க வேண்டும்.

பாட்டரியும் மாடும்

ஈயம் என்றதும் சிலர் ஈயச் சொம்பு ரசத்தை நினைத்துக் கலங்குவார்கள். அது வெள்ளீயம். நான் சொல்வது காரீயம். கார் பாட்டரிக்குள் இருப்பது. வெள்ளீயம் என்று சொல்லிக் காரீயம் கலந்து விற்றால்தான் ரசம் ஆபத்து.

மாட்டுக்கு உப்பும் பாஸ்பரஸும் குறைந்தால் கண்டதை நக்கும் புத்தி வரும். எலும்பைக் கடிக்கும், பிளாஸ்டிக்கை மெல்லும், பெயிண்ட் உரிந்த கதவை நக்கும். பழைய பாட்டரியின் உள்தகடு அதற்கு உப்புக்கட்டி மாதிரி ருசிக்கிறது என்கிறார்கள் கால்நடை மருத்துவர்கள். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி, சாலையோரம் ஒரு சிறு பாட்டரிப் பட்டறை இருந்தது. பின்புறம் எறிந்திருந்த தகட்டை ஒரு கிடாரி நக்கிவிட்டது. இரண்டு நாளில் கண் தெரியாமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டு நின்றது; பல்லை நறநறவென்று கடித்தது; வலிப்பு வந்தது; செத்தது. ஈயம் மூளையைத் தாக்கினால் மாட்டுக்கு வருகிற அடையாளங்கள் இவைதான். வந்து பார்த்த மருத்துவர் இறைச்சிக்குக் கொடுக்காதே, ஆழமாகக் குழிவெட்டிப் புதை என்று சொல்லிவிட்டார். வீட்டுக்காரருக்குப் பெரிய நஷ்டம், ஆனாலும் புதைத்தார்.

செத்த மாடு பிரச்சினையே இல்லை. சாகாத மாடுதான் பிரச்சினை. கொஞ்சமாக நக்கியது எந்த அடையாளமும் காட்டாமல் மாதக்கணக்கில் ஈயத்தை ரத்தத்திலும் ஈரலிலும் சிறுநீரகத்திலும் வைத்திருக்கும். வயிற்றுக்குள் தங்கிய துண்டு கரைந்துகொண்டே இருக்கும். பிறகு ஈயம் எலும்புக்குப் போய்ச் சுண்ணாம்பின் இடத்தில் உட்காரும். அந்த மாட்டைத் தரகர் வந்து விலைபேசினால் யாருக்குத் தெரியப்போகிறது?

குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் தடுக்கிறது. இதற்குக் கீழே பாதுகாப்பு என்று சொல்லத்தக்க அளவு ஒன்று கிடையாது. உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனமும் அமைத்த நிபுணர் குழு முன்பு வாரத்துக்கு இவ்வளவு ஈயம் போகலாம் என்று ஓர் அளவு சொல்லி வந்தது. 2010-இல் அந்த அளவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியமும் ஆட்டு, மாட்டு உள்ளுறுப்புகளுக்கு இருந்த கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் வரம்பை 2021-இல் 0.2 ஆகக் குறைத்தது. இந்தியாவில் 2000-ஆம் ஆண்டோடு பெட்ரோலில் ஈயம் போயிற்று; அது பெரிய நிம்மதி. ஆனால் வீதியோரப் பாட்டரி உடைப்பு போகவில்லை. 2020-இல் யூனிசெப் நிறுவனமும் பியூர் எர்த் அமைப்பும் வெளியிட்ட அறிக்கை, உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு, ஏறத்தாழ 80 கோடிப் பேருக்கு, ரத்தத்தில் ஈயம் கவலைப்படத்தக்க அளவில் இருப்பதாகச் சொன்னது. பழைய பாட்டரிகளை ஒழுங்கில்லாமல் உடைத்து உருக்குவதை அதற்கு முக்கியக் காரணமாகக் காட்டியது.

எலும்பு சூப்பைப் பற்றியும் கேட்பார்கள். 2013-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் கோழி எலும்புச் சாற்றில் லிட்டருக்கு 7 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது; அதே தண்ணீரைச் சும்மா கொதிக்கவைத்தபோது 1-க்கும் குறைவு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 10. ஆகவே காய்ச்சல் வந்தவருக்கு ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் சூப் கொடுப்பதில் பயமில்லை. தினமும் கைக்குழந்தைக்குக் கிழட்டு மாட்டெலும்புச் சாறு என்றால் நான் வேண்டாம் என்பேன்.

துரிசு

ரப்பர் நாட்டில் செம்பைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நீலநிறத் துரிசுக் கல்லைத் தெரியும். தமிழில் மயில்துத்தம் என்பதும் அதுவே, செம்பின் உப்பு. துரிசையும் சுண்ணாம்பையும் தனித்தனியாகக் கரைத்துக் கலந்தால் போர்டோ கலவை. இடவப்பாதி மழைக்கு முன்னால் ரப்பருக்கு இதை, அல்லது எண்ணெயில் கலந்த காப்பர் ஆக்சிகுளோரைடை அடிப்பார்கள். அடிக்காவிட்டால் மழையில் பைட்டாப்தோரா பூஞ்சை பிடித்து இலை முழுவதும் கொட்டிப்போகும். கிளைக் கவட்டில் வருகிற இளஞ்சிவப்பு நோய்க்கும் போர்டோ பசையைத்தான் பூசுவார்கள். கமுகு, நல்லமிளகு எல்லாவற்றுக்கும் துரிசுதான் கைமருந்து.

அடித்த மருந்து இலையில் மட்டும் நிற்குமா? கீழே புல்லிலும் தோட்டப்பயறிலும் வடியும். அந்தப் புல்லை அறுத்துப் போட்டாலோ ஆட்டை அங்கே கட்டினாலோ செம்பு ஈரலில் சேரத் தொடங்கும். செம்பறியாட்டுக்கு இதைத் தாங்கும் சக்தி மிகக் குறைவு, வெள்ளாடும் வளர்ந்த மாடும் அதைவிடத் தாங்கும், கன்றுக்குட்டி தாங்காது. இதில் விசித்திரம், வாரக்கணக்கில் மாதக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. ஆடு நன்றாக மேயும், கொழுக்கும். பிறகு ஏதோ ஒரு நாள், வண்டியில் ஏற்றிய அலைச்சலோ தீனி மாற்றமோ குளிர் மழையோ வந்தால், ஈரல் தேக்கிவைத்த செம்பை ஒரேயடியாக ரத்தத்தில் விட்டுவிடும். ரத்தச் சிவப்பணுக்கள் உடையும்; கண்ணும் ஈறும் மஞ்சளாகும்; மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். ஓரிரு நாளில் முடிந்துவிடும். வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் கொழுப்பெல்லாம் மஞ்சள், சிறுநீரகம் துப்பாக்கி உலோகம் மாதிரிக் கருநீலம்.

'ஆடு மஞ்சக்காமாலையில் செத்துது' என்று எங்கள் ஊரில் சொன்னால், முதலில் 'எப்போ மருந்தடிச்சீங்க?' என்று கேட்க வேண்டும் என்று என் பாட்டா சொல்வார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், பால்வெட்டுத் தொழிலாளி. மருந்தடித்த தோட்டத்தில் இரண்டு மழை பெய்து கழுவும்வரை ஆட்டை விடமாட்டார்.

தின்கிற நமக்கு இந்தச் செம்பால் என்ன? ஈயம், காட்மியம் மாதிரி இதற்குப் பயப்பட வேண்டியதில்லை. நம் ஈரல் மிஞ்சிய செம்பைப் பித்தநீரில் கழித்துவிடும். வில்சன் நோய் என்கிற பரம்பரைக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் ஈரலைத் தொடவே கூடாது. ஆனால் கண் மஞ்சளித்த ஆட்டை அவசரமாக அறுத்து மலிவு விலைக்குத் தருகிறவர்கள் உண்டு. அதை வாங்காதீர்கள். காரணம் செம்பு மட்டுமல்ல. நோயால் விழுந்த எந்த மிருகமும் உணவாகாது.

மற்ற உலோகங்களை வேகமாகச் சொல்லிவிடலாம். பாதரசம் பெரிய கடல்மீன்களின் விஷயம். ஆடு மாட்டில் அது பெரிதல்ல. ஆர்செனிக் கோழித்தீவனத்தில் மருந்தாகவே போனது: ராக்சார்சோன் என்ற மருந்தை அமெரிக்காவில் பல பத்தாண்டுகள் கோழிகளுக்குக் கொடுத்தார்கள். அதைத் தின்ற கோழிகளின் ஈரலில் நச்சுத்தன்மையுள்ள ஆர்செனிக் இருப்பதைச் சோதனையில் கண்டதும் 2011-இல் கம்பெனியே விற்பனையை நிறுத்தியது. 2013-இல் அனுமதியும் ரத்தாயிற்று. வங்காளதேசத்தில் தோல் பதனிடும் ஆலைக் கழிவைக் கோழித்தீவனமாக்கியதால் குரோமியம் கோழிக்குள் போனது. 2011-இல் டாக்கா உயர்நீதிமன்றம் அதை நிறுத்தச் சொன்னது. நம் ராணிப்பேட்டையில் 1995-இல் மூடிய குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுமலையின் கதை தனிக் கட்டுரைக்கு உரியது.

'அப்படியானால் எல்லையில் சோதிக்க மாட்டார்களா?' என்பது நியாயமான கேள்வி. பாறசாலையில் கேரளப் பால்வளத் துறையின் சோதனைச் சாவடி உண்டு; தமிழ்நாட்டிலிருந்து வரும் பாலில் பார்மலின், யூரியா போன்றவை கலந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். பாலில் சொட்டு மருந்து விட்டால் நிறம் மாறும். சில நிமிஷத்தில் தெரியும். இறைச்சியில் உலோகம் அப்படித் தெரியாது. துண்டை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, விலையுயர்ந்த கருவியில் ஏற்றி, ஒவ்வொரு உலோகமாக அளக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2011-ஆம் ஆண்டு விதிகளில் ஈயத்துக்கு வரம்பு இருக்கிறது. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு அறுத்து எட்டு மணிக்குள் விற்றுத் தீர்கிற வழியோரக் கடைக்கும் அந்தக் கருவிக்கும் நடுவே வெகுதூரம். கால்நடை மருத்துவர் பார்த்து முத்திரை வைத்த இறைச்சியில் காமாலை, காசநோய், புழுக்கட்டி இருக்காது என்று நம்பலாம். முத்திரைக்கு அதற்கு மேல் சக்தி கிடையாது.

போன தடவை ஊருக்குப் போனபோது என் மயினியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவருடைய மகளுக்கு ரத்தசோகை. வாரம் மூன்று நாள் மாட்டீரல் வறுவல், ஞாயிறு குண்டிக்காய்.

"ரெத்தம் கொறவுண்ணு டாக்டரு சொன்னாரு. ஈரலு குடுக்காம வேற என்னத்தக் குடுக்க? நீங்க அங்க இருந்து வந்து எதையும் திங்கக் கூடாதுண்ணா எப்படி?" என்றார்.

அவர் கேட்டதில் பாதி உண்மை. ஈரலில் உடம்பு எளிதாக எடுத்துக்கொள்ளும் இரும்பும் பி-12 வைட்டமினும் நிறைய. சாதாரணக் கீரையால் அந்த வேகத்தில் ரத்தம் ஊறாது. மறுபாதியும் உண்மை: உடம்பில் இரும்பு குறைந்தால் குடல் காட்மியத்தையும் ஈயத்தையும் வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சும். அதாவது எந்தப் பெண்ணுக்கு ஈரல் அதிகம் தேவையோ, அவளேதான் அதிலுள்ள நஞ்சையும் அதிகம் ஏற்றுக்கொள்கிறாள். இந்தப் பெண்களே நாளை கர்ப்பம் தரிப்பவர்கள். தாயின் எலும்பில் தேங்கிய ஈயம் கர்ப்ப காலத்தில் கரைந்து குழந்தைக்குப் போகும்.

நான் மயினியிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். குண்டிக்காயை, அது மாட்டுடையது என்றால், பெரியவர்கள்கூட எப்போதாவது ஆசைக்கு. பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். ஈரல் வேண்டுமென்றால் இளங்கிடாவின் ஈரலோ கோழி ஈரலோ வாரம் ஒரு முறை. வாங்கும்போது எடை கேட்பதற்கு முன்னால் வயதைக் கேளுங்கள். நம் ஊர்க் கடைக்காரர்கள் கேட்டால் மறைப்பதில்லை. சுவரொட்டி, அதாவது மண்ணீரல், இரும்புக்கு நல்லது. காட்மியத்தைச் சிறுநீரகம் போலப் பிடித்துவைக்கும் உறுப்பு அல்ல. கர்ப்பிணிகளுக்கு ஈரலைப் பற்றி இன்னொரு எச்சரிக்கையும் உண்டு: அதிலுள்ள வைட்டமின் ஏ மிகுந்தால் கருவுக்குக் கெடுதல் என்பதால் பிரிட்டனில் கர்ப்பிணிகளை ஈரலையே தவிர்க்கச் சொல்கிறார்கள். ரத்தசோகைக்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகத் தருகிற இரும்பு மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதே முதல் மருந்து. மாத்திரை கசக்கிறது என்று என் மருமகள் அதைத் தென்னைமூட்டில் போட்டுக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் வெளியே வந்தது. மயினியின் கோபம் என்னை விட்டு அவள் பக்கம் திரும்பியது, நான் தப்பினேன்.

ஆடு மாடு வளர்க்கிற உறவினர்கள் உங்களுக்கு இருந்தால் ஒரு கட்டி தாது உப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். உப்பு கிடைத்த மாடு பாட்டரியை நக்காது. அதிக விலை இல்லை.

கடைசியாக உப்புக்கண்டம். ஊரிலிருந்து கொண்டுவரலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். காயவைத்தால் தண்ணீர்தான் போகும், உலோகம் போகாது. ஆகவே ஒரு பிடி உப்புக்கண்டத்தில் மூன்று பிடி இறைச்சியின் உலோகம் இருக்கும். வெறும் தசையில் செய்தது என்றால் அப்போதும் அது அற்பம்தான். ஆனால் ஆக்லாந்து விமான நிலையத்தில் அதை அறிவிக்காமல் பெட்டியில் வைத்திருந்தால் 400 டாலர் அபராதம். உப்புக்கண்டத்தை ஊரிலேயே தின்றுவிட்டு வாருங்கள்.